நின்றுகொண்டு படித்த மாணவியும் மற்றவர்களும்

நரைத்த தலைகளுக்குப் பாடம் சொல்லும் உத்தியோகத்தில் ஒரு சௌகரியம் உண்டு: வகுப்பில் காகித அம்பு பறக்காது. ஒரு சங்கடமும் உண்டு: நீங்கள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது, "பாவம், இம்புட்டு இளைச்சிருக்கே இந்தப் பொண்ணு, வீட்டுல சரியாச் சாப்பிடுறதில்லை போல" என்று தகப்பனார் குரலில் யாராவது பின்னாலிருந்து பேசுவது காதில் விழும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். புதுக்கோட்டையில் ஒரு காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த இரண்டு பேர் யுத்த ஆபீஸ்களில் நல்ல சம்பளம் என்று கிளம்பிப் போய்விட்டார்கள். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு அந்த இடத்தில் ட்யூட்டர் வேலை கிடைத்தது. நான் பேசுவது எனக்கே சரியாகக் கேட்காது. பகல் வகுப்புப் பையன்களிடம் என்னை விட்டால் என்ன ஆகும் என்று யோசித்த பிரின்ஸிபால், மாலை வகுப்பை என்னிடம் கொடுத்தார். சமஸ்தான உத்தியோகத்தில் இருந்துகொண்டே இண்டர்மீடியட் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கான வகுப்பு அது. மேல் உத்தியோகத்துக்கு இனி இண்டர் பாஸ் வேண்டும் என்று ஆகிவிட்டதால், பேரன் எடுக்கும் வயதில் இருந்தவர்கள்கூட மறுபடி பென்சில் சீவத் தொடங்கியிருந்தார்கள்.

உங்களைவிட மூத்தவர்களின் கட்டுரையில் சிவப்பு மையால் கோடு போட நேர்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமானால் இதைப் படியுங்கள். துணைக்கு நான் இருக்கிறேன்.

யார் முதலில் உட்காருவது?

முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்றது. அப்பா வயதில் இத்தனை பேர் நிற்கும்போது நான் எப்படி நாற்காலியில் உட்காருவது? "உட்காருங்கள்" என்று சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. கையால் ஜாடை காட்டினேன். வாத்தியாரம்மா நிற்கும்போது நாம் உட்காரலாமா என்று அவர்கள் நின்றார்கள். பெரியவர்கள் நிற்கும்போது நான் உட்காரலாமா என்று நான் நின்றேன். ஒருவரை ஒருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் போயிற்று.

முன் பெஞ்சில் முத்துக்கருப்பன் என்று ஒருவர் இருந்தார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. முழங்கால் வரை இறங்கிய அல்பாகா கோட்டும், காதோரம் செருகிய பேனாவுமாக, ரிட்டயராகும் வயதை எட்டிக்கொண்டிருந்தவர். கடைசியில் அவர்தான் கையைக் கட்டிக்கொண்டு வழி சொன்னார்: "அம்மா, நீங்க உக்காந்தாத்தான் எங்க கால்வலி தீரும்."

ஹாஜர்

அடுத்த கஷ்டம் பேர் கூப்பிடுவது. நான் கூப்பிடுவது முதல் பெஞ்சைத் தாண்டாது. பின்னால் இருக்கிறவர்கள் காதில் கையை வைத்துக் குனிவார்கள். நான் இன்னும் வெட்கப்பட்டு இன்னும் மெதுவாகக் கூப்பிடுவேன். இதைப் பார்த்துப் பொறுக்காமல் சின்னையா எழுந்து வந்தார். அவர் கோர்ட் வாசலில் நின்று கட்சிக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் டவாலி. எஸ்.எஸ்.எல்.சி. படித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் டவாலியைத் தோளில் மாட்டிக்கொண்டவர். இண்டர் பாஸ் செய்து கோர்ட்டுக்குள்ளேயே குமாஸ்தா நாற்காலிக்குப் போய்விட வேண்டும் என்று நினைத்தார். "குடுங்கம்மா, நம்ம தொழிலு" என்று ரிஜிஸ்தரை வாங்கிக்கொண்டு, வாசல்படியில் போய் வெளிப்புறம் பார்த்து நின்று, ஒவ்வொரு பேரையும் மும்மூன்று தரம் கூவினார். "ராயப்பன்... ராயப்பன்... ராயப்பன்!" வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராயப்பன், தான் ஹெட் கான்ஸ்டபிள் என்பதையும் மறந்து, "இருக்கேனுங்க எசமான்" என்று துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அழகம்மாள்" என்று அவர் கூவியபோது மட்டும் குரல் வரவில்லை. ஜன்னலோரமாகச் சுவரை ஒட்டி நின்ற ஒரு பெண் வளையல் கையைச் சற்று உயர்த்தினாள். அவளுக்கும் என்னைப் போலக் குரல் கிடையாது போலிருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தோஷம். அதற்குள் சத்தம் கேட்டுப் பிரின்ஸிபால் வராந்தாவில் வந்து நின்று எட்டிப் பார்த்தார். "என்னம்மா, என்ன தீர்ப்பு? தண்டனையா, விடுதலையா?"

ஜன்னலோரம்

அழகம்மாள் திருவரங்குளத்தில் பெண்கள் பாடசாலையில் டீச்சர். எனக்கு நாலைந்து வயது மூத்தவள். வகுப்பில் என்னைத் தவிரப் பெண் என்று அவள் ஒருத்திதான். ஆகவே அவளை நான் அதிகமாகக் கவனித்தேன். அவள் உட்காரவே இல்லை. முதல் நாள், ஆண்கள் பெஞ்சில் உட்காரக் கூசுகிறாள் என்று நினைத்தேன். அடுத்த நாள் அவளுக்கென்று தனியாக ஒரு நாற்காலியை ஜன்னலோரம் போட்டு வைத்தேன். அவள் அதன்மேல் புத்தகத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். பஸ்ஸுக்கு ஓட வேண்டுமென்று தயாராக நிற்கிறாளோ? இடுப்பில் கட்டி ஏதாவது புறப்பட்டிருக்கிறதோ? வாரக்கணக்கில் ஒரு கட்டி ஆறாமல் இருக்குமா? பாடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு இதே ஆராய்ச்சி.

ஒரு சாயங்காலம் அவள் பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்துக்கே போய்விட்டேன். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து, எல்லாம் கரி பஸ்ஸாக மாறியிருந்த காலம். கண்டக்டர் வண்டியின் பின்னால் நின்று கரி உலையின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். அது பற்றிக்கொள்ள எப்படியும் நேரம் ஆகும். நான் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவள் பேசினாள், அதுவும் நன்றாகவே பேசினாள். அவளுடைய பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் அடுத்த வருஷக் கடைசியில் ரிட்டயராகிறார். அதற்குள் இண்டர் பாஸ் செய்துவிட்டால் அந்த இடம் அழகம்மாளுக்கு என்று இன்ஸ்பெக்ட்ரஸ் வாக்குக் கொடுத்திருக்கிறார். இல்லாவிட்டால் வெளியூரிலிருந்து ஆள் வரும். "அவங்க ரிட்டயராகுற வரைக்கும் எனக்கு ஒண்ணாங்கிளாஸ்தாங்க" என்று சிரித்தாள்.

"அப்படியானால் உட்கார்ந்து நாலு வரி எழுதிக்கொள்ள வேண்டாமா? நின்றுகொண்டு எப்படி எழுதுவீர்கள்?" என்றேன்.

அவள் கண்ணால் அந்தப் பக்கம் காட்டினாள். விளக்குக் கம்பத்தடியில், தள்ளி, அல்பாகா கோட்டோடு முத்துக்கருப்பன் நின்றிருந்தார். "அங்கிட்டு நிக்கிறாங்கள்ல, எங்க மாமா. எங்க வீட்டுக்காரவுகளைப் பெத்தவங்க. அவங்க இருக்குற எடத்துல நான் எப்படிங்க உக்கார்றது?"

முதுகுப் பக்கம்

முன் பெஞ்சில் மாமனார், பின்னால் சுவரோரம் மருமகள். இது தெரிந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் திரும்பியே பார்ப்பதில்லையே, அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்று அழகம்மாளிடம் கேட்டேன். காலேஜில் தர்க்க சாஸ்திரம் படித்தவள் நான். எனக்கு இது நல்ல வாதமாகத் தோன்றியது. அவள் கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னாள்: "முதுகுப் பக்கமும் மாமாதானேங்க."

ஹெட்குமாஸ்தா ஆசை

முத்துக்கருப்பன் இந்த வயதில் ஏன் படிக்க வந்தார் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தமாஷ். "நம்ம கருப்பண்ணனுக்கு ஹெட்குமாஸ்தா ஆசை வந்துருச்சு. உத்தரவு வார அன்னைக்கே ரிட்டயர் உத்தரவும் வந்துரும், ஒரே மாலையாப் போட்டுக்கிறலாம்" என்று ராயப்பன் கேலி செய்வார். அவரும், "ஆசைக்கு வயசு ஏதுப்பா" என்று சிரித்துக்கொள்வார்.

ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவரிடம் தனியாகப் பேசினேன். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. மகன் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறான். வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் மருமகள் தனியாக டவுனுக்குப் போய் ஆண்கள் வகுப்பில் இருக்கிறாள் என்றால் ஊர் சும்மா விடாது. துணைக்கு என்று வாசலில் வந்து நின்றாலோ, காவல் காக்கிறார் என்று அதற்கும் ஒரு பேச்சு. அதனால் தானும் ஒரு மாணவனாகவே சேர்ந்துவிட்டார். ஹெட்குமாஸ்தா ஆசை என்பது அவர் கட்டிவிட்ட கதை.

"அப்படியானால் நீங்களே ஒரு வார்த்தை, உட்காரு என்று சொல்லக் கூடாதா?" என்றேன்.

"நான் சொன்னா உக்காந்துரும்மா. நான் சொன்னதுனால உக்காந்துச்சுன்னு எவன் சொல்லுவான்? மாமனார் மொகத்துக்கு முன்னால உக்காந்த பொம்பளைன்னுதான் சொல்லுவான். நாளைக்கு அதே ஊர்ல அது பெரிய டீச்சரா இருக்கணுமே?"

நார்த்தாமலைச் சூரியன்

'சூரியோதயம்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். ராயப்பனுக்கு சப்-இன்ஸ்பெக்டராக வேண்டும் என்று ஆசை. அவர் எழுதிய இங்கிலீஷ் கட்டுரையின் சாரம் இது: 'நார்த்தாமலைக்குக் கிழக்கே, காலை சுமார் ஆறு மணிக்கு, மேற்படி சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டதைப் பார்த்தேன். சிவப்பு நிறம், வட்ட முகம். இரவு எங்கே இருந்தார் என்று விசாரித்ததில் சாட்சிகள் யாரும் இல்லை. வேறு விசேஷம் இல்லை.'

இங்கிலீஷில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் பறவைகள் எங்கே, பனித்துளி எங்கே, அது மனசுக்கு எப்படி இருந்தது, அழகாக இருந்ததா இல்லையா என்று ஒன்றுமே இல்லையே என்று கேட்டேன். ராயப்பன் எழுந்து விறைப்பாக நின்று சொன்னார்: "பார்த்ததை எழுதினேம்மா. அழகா இருந்துச்சுன்னு எழுதிட்டா, நாளைக்கு வக்கீல் குறுக்கு விசாரணையில கேப்பான், யாரு பதில் சொல்றது?"

நகரமா, கிராமமா?

முத்துக்கருப்பனின் இங்கிலீஷோ என்னுடையதைவிடச் சுத்தம். எழுதுகிற வேகமும் அப்படித்தான். நான் கேள்வியை முடிப்பதற்குள் அவர் ஒரு பக்கத்தை முடித்திருப்பார். 'நகர வாழ்க்கை சிறந்ததா, கிராம வாழ்க்கை சிறந்ததா?' என்று கொடுத்தேன். நகரத்தின் நன்மைகளை வரிசையாக எழுதினார். கிராமத்தின் நன்மைகளையும் வரிசையாக எழுதினார். இரண்டின் தீமைகளையும் விடவில்லை. கடைசியில், 'இரு தரப்பு விவரங்களும் மேலே சமர்ப்பிக்கப்பட்டுள்ளன. தக்க உத்தரவு வேண்டப்படுகிறது' என்று முடித்து, கையெழுத்துப் போட எனக்குக் கீழே இடம் விட்டிருந்தார்.

பரீட்சை திருத்துகிறவர் உத்தரவு போட மாட்டார், முடிவை நீங்களேதான் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "இத்தனை வருஷ சர்வீஸ்ல, முடிவு சொல்ற சம்பளம் எனக்கு யாரும் கொடுத்ததில்லையேம்மா!"

கப்பல் ஏன் மூழ்கியது?

நிற்பதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள், புயலில் மூழ்கிய ஒரு கப்பலைப் பற்றி ஒரு பத்தியை வாசித்துக் காட்டிவிட்டு, கப்பல் ஏன் மூழ்கியது என்று கேட்டேன். எச்சரிக்கை வந்தும் கப்பல் தலைவன் அதை மதிக்கவில்லை என்பது விடை. முத்துக்கருப்பன் எழுந்து, "முன் அனுமதி வாங்காமப் பொறப்பட்டதுனால" என்றார். அவர் ஆபீஸில் எந்தக் கஷ்டத்துக்கும் அதுதான் காரணம். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அழகம்மாள் சிரிக்கவில்லை.

வார முடிவில் நடந்த டெஸ்டில் அதே கேள்வியைக் கொடுத்தேன். முத்துக்கருப்பனே சரியாக எழுதியிருந்தார். அழகம்மாளின் தாளில், 'முன் அனுமதி பெறாமல் புறப்பட்டதால் கப்பல் மூழ்கியது' என்று மணிமணியான எழுத்தில் இருந்தது. அதற்கு முந்தைய கேள்விக்கான பதிலிலோ, எச்சரிக்கை வந்ததையும் கப்பல் தலைவன் அதை மதிக்காததையும் அவளே தெளிவாக எழுதியிருந்தாள்! பஸ் நிற்குமிடத்தில் தாளைக் காட்டிக் கேட்டேன். விடை தெரியாமலா எழுதினீர்கள்? தெரியும் என்று தலையசைத்தாள். "மாமா நாலு பேருக்கு முன்னால ஒரு தடவை சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் அந்தக் கப்பல் எனக்கு அப்படித்தாங்க மூழ்கணும்."

எனக்குப் பயம் வந்துவிட்டது. பாடம் தெரியாத மாணவியைப் பாஸ் செய்ய வைக்க ஏதாவது வழி இருக்கும். பாடம் தெரிந்த இவளை என்ன செய்வது?

பரீட்சை ஹால்

மாமனாரும் மருமகளும் சேர்ந்தே மனுப் போட்டதால் நம்பரும் அடுத்தடுத்து வந்துவிட்டது. முதல் நாள் இங்கிலீஷ். ஹாலில் அழகம்மாளின் மேஜை முன்னால். அதற்கு நேர் பின்னால் முத்துக்கருப்பன். பெண் ஒருத்தி எழுதுகிறாள் என்பதற்காக என்னையும் ஹாலில் நடமாட விட்டிருந்தார்கள். கேள்வித்தாள் கொடுத்தாயிற்று. எல்லோரும் குனிந்துவிட்டார்கள். அழகம்மாள் மட்டும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதுவரை மாமனாருக்குப் பின்னால் நின்றவள், இப்போது அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

வெளியூரிலிருந்து வந்த சூப்பிரண்டு, "உட்காரம்மா, உட்கார்ந்துதான் எழுத வேண்டும்" என்று அதட்டினார். நான் அவரிடம் ஓடிப்போய் இடத்தை மாற்றிக் கொடுக்கும்படி கெஞ்சினேன். நம்பர் வரிசையை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லையாம். அவள் பெஞ்சின் நுனியில், தரையில் படாமல் தொங்குகிற துணி மாதிரி உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள். எழுதவில்லை. கழுத்து வேர்த்து ரவிக்கை நனைந்திருந்தது. முத்துக்கருப்பனுக்கு இது ஒன்றும் தெரியாது. பேனாவை எடுத்தால் தலையை நிமிர்த்தாத பழக்கம் அவருக்கு. நான் இருமினேன். தரையில் பேனாவைப் போட்டு எடுத்தேன். கடைசியில் அவர் நிமிர்ந்து பார்த்தபோது, முன்னால் இருந்த தாள் வெள்ளையாக இருந்தது. நேரம் பாதிக்கு மேல் போய்விட்டது.

அவர் சட்டென்று எழுந்தார். எழுதிக்கொண்டிருந்த வரியைக்கூட முடிக்கவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை; மிச்சமிருந்த பரீட்சைகளிலும் பாதி நேரத்தில் எழுந்து போய்விட்டார். பரீட்சை கஷ்டமா என்று சூப்பிரண்டு கேட்டதற்கு அவர் சொன்னது: "பேப்பரை எடுத்துக்கிருங்க ஐயா. எனக்கு வெளியில நிக்கிற வேலை இருக்கு."

கற்கண்டு

பேப்பரில் நம்பர் வந்த அன்று, அழகம்மாள் ஒரு தட்டில் கற்கண்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்தாள். முகம் நிறையச் சிரிப்பு. அவள் தேறிவிட்டாள் என்றே நினைத்தேன். "மாமா பாஸுங்க" என்றாள். உங்கள் நம்பர் என்று கேட்டேன். அவள் மற்றதிலெல்லாம் தேறியிருந்தாள். இங்கிலீஷ் மட்டும் போய்விட்டது. முதல் நாள் தாள் அல்லவா? அதை ஐப்பசிக்கு முன்னால் மறுபடி எழுதலாம். அதற்கு மேல் தாமதிக்கப் பெரிய டீச்சரின் ரிட்டயர் இடம் கொடுக்காது.

முத்துக்கருப்பன் உள்ளே வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றார். தாலுகா ஆபீஸில் மாலை போட்டிருக்கிறார்கள். கழுத்தில் சந்தனம் காய்ந்திருந்தது. நான் வெளியே போய் வாழ்த்துச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தப்பான ஆளைப் பாஸ் பண்ணிட்டாங்கம்மா."

இடம் தேடியது

ஆடி மாதம் வகுப்பு மறுபடி தொடங்கியது. முத்துக்கருப்பன் பிரின்ஸிபாலிடம் போய், பாஸானவன் மறுபடி படிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்று கேட்டார். அப்படி ஒரு சட்டம் எழுத வேண்டிய அவசியம் இதுவரை வரவில்லை என்று பிரின்ஸிபால் சொல்லி, இருந்தாலும் முடியாது என்று அனுப்பிவிட்டார். முத்துக்கருப்பன் நேரே என்னிடம் வந்தார்.

இரண்டு பேரும் காலேஜைச் சுற்றி நடந்தோம். வேப்பமரத்தடியில் நின்று பார்த்தார். அங்கிருந்து ஜன்னல் வழியாக வகுப்பு தெரிந்தது, வேண்டாம் என்றார். கேட்டருகே நின்றால் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே பார்வை போகும், அதுவும் வேண்டாம். கிணற்றடியிலிருந்து வகுப்பு தெரியாது. ஆனால் ரோட்டில் போகிறவர்களுக்கு அவரும் தெரிய மாட்டார். "காவல் காக்குறேன்னு பேசுனாப் பேசட்டும். நான் இருக்குறதே தெரியாட்டா வந்து என்ன பிரயோசனம்?" என்றார். கடைசியில் கெமிஸ்ட்ரி லேபுக்குப் பின்னால் ஒரு கல் கிடைத்தது. அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் ரோட்டுக்கு நன்றாகத் தெரியும். வகுப்பின் ஓடுகூடத் தெரியாது. கல்லில் உட்கார்ந்து பார்த்தார், கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார். அந்த நாற்றத்தில் தினமும் எப்படி உட்காருவீர்கள் என்று கேட்டேன்.

"அது உக்காந்திருக்குறது எனக்குத் தெரியக் கூடாது, நான் உக்காந்திருக்குறது ஊருக்குத் தெரியணும். இந்த ரெண்டும் அமைஞ்ச எடத்துல மூக்கையும் பார்த்தா முடியுமாம்மா?"

அழகம்மாள் குரல்

அன்று அழகம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். முதலில் சுவரைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், பிறகு புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தாள். ராயப்பனும் சின்னையாவும் அவளுக்குத் துணையாக இங்கிலீஷில் தவறியிருந்ததால், மறுபடி வந்திருந்தார்கள். நான் வழக்கம்போல என் புத்தகத்துக்குள் ஒரு கேள்வியைக் கேட்டேன்.

அழகம்மாள் எழுந்து பதில் சொன்னாள். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளை அடக்கி வைத்திருக்கும் குரல் எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பதில் சரி. அதோடு விடவில்லை, சின்னையா சொன்ன பதிலில் இருந்த தப்பையும் எடுத்துச் சொன்னாள். வரிக்கு வரி என்னையும் ஏன், எதற்கு என்று கேட்டு வேர்க்க வைத்தாள். சின்னையா ரிஜிஸ்தரைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்: "இந்தக் குரலை வச்சுக்கிட்டா அம்மா, போன வருஷம் பூரா வளையலை ஆட்டிக்கிட்டு நின்னாங்க?"

பெரிய டீச்சர்

அழகம்மாள் தேறினாள். வேலையும் கிடைத்தது. மாசி மாதத்தில் திருவரங்குளத்துக்கு வரச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முத்துக்கருப்பன் நின்றிருந்தார். ரிட்டயராகிவிட்டார், அல்பாகா கோட்டு இல்லாமல் ஆளே சின்னதாகத் தெரிந்தார். சிவன் கோயில் மதிலைச் சுற்றிக்கொண்டு என்னைப் பாடசாலைக்கு அழைத்துப் போனார். வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "நம்ம பெரிய டீச்சருக்குப் பாடம் சொன்னவங்க" என்று என்னைக் காட்டினார். எனக்குத் தலை நிமிரவில்லை.

பாடசாலைப் படலைக் கதவு வந்ததும் நின்றுவிட்டார். உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது. கதவிடுக்கில் பார்த்தேன். சாணி மெழுகின தரையில் சிறுமிகள் வரிசையாக இருந்தார்கள். அவர்களுக்கு எதிரே, கைவைத்த நாற்காலியில், அழகம்மாள் உட்கார்ந்திருந்தாள். "வாருங்கள், நீங்களும் பார்க்க வேண்டாமா?" என்றேன். வேலை கிடைத்து இத்தனை நாளில் அவர் ஒரு தரம்கூட உள்ளே போனதில்லையாம். மருமகள் பெரிய உத்தியோகம் ஆனது மாமனாருக்குப் பொறுக்கவில்லை என்று ஊரில் ஒரு பேச்சுகூட உண்டாம். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"நான் உள்ள வந்தா அது எந்திரிச்சுரும்மா. பெரிய டீச்சர் ஒருத்தருக்காக நாற்காலியை விட்டு எந்திரிக்கிறதை இந்தப் பிள்ளைக பார்க்க வேணாம்" என்று சொல்லி, படலைக் கதவை எனக்காகத் திறந்துவிட்டு, தான் பார்வைக்குத் தப்பிப் புளியமரத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும் சமாளித்துவிடலாம், ஆனால் யாரை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாவிட்டால் என்னைப் போல ஒரு வருஷம் பூராவும் திண்டாட வேண்டியதுதான்.